எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் வேலை: மாநில வருமான வரி யாருக்கு?

கேள்வி கேட்டவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனில் மனைவியுடன் வசிக்கிறார். நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் உள்ள அலுவலகத்துக்கு வாரத்தில் மூன்று நாட்கள் ரயிலில் சென்றுவருகிறார். மற்ற இரண்டு நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மனைவிக்குப் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா நகரில் வேலை. ஆண்டு முடிவில் நிறுவனம் தந்த டபிள்யூ-2 என்ற சம்பளக் கணக்குப் படிவத்தில் தன் சம்பளம் நியூயார்க்குக்கு ஒரு முறையும் நியூ ஜெர்சிக்கு ஒரு முறையும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலங்களும் வரி வாங்குகின்றனவா என்று கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களின் சம்பளத்தை நியூயார்க் கணக்கிலிருந்து நீக்கிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. சம்பளத்துக்கு மாநில வரியே இல்லாத டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்து இதே வேலையைத் தொடர்ந்தால் இந்தத் தொல்லை தீருமா என்பது மூன்றாவது.

மூன்றுக்கும் அடியில் இருப்பது, ஒரு சம்பளம் எந்த மாநிலத்தில் ஈட்டப்பட்டது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்விதான். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாநிலங்களும் வரி கணக்கிடும். ஆனால் முழுமையாக இரண்டு முறை கட்ட வேண்டியிராது, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கே கட்டுவீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களைப் பெரும்பாலும் நீக்க முடியாது. டெக்சாஸுக்கு நீங்கள் போனால் போதாது, உங்கள் வேலையும் போக வேண்டும். இனி விவரம். நான் மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் உரிமம் பெற்ற வரி ஆலோசகர், அதாவது என்ரோல்டு ஏஜென்ட். பல ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்ற இந்த மூன்று மாநிலக் கணக்குகளையே அதிகமாகச் செய்துவருகிறேன்.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் தனிநபரின் வருமானத்தின் மீது உரிமை கொண்டாட இரண்டு வழிகள் உண்டு. அவர் அந்த மாநிலத்தில் குடியிருந்தால், எங்கே சம்பாதித்தாலும் அவருடைய மொத்த வருமானத்துக்கும் அது வரி விதிக்கலாம். குடியிராதவராக இருந்தாலும், அந்த மாநில எல்லைக்குள் சம்பாதித்த பகுதிக்கு வரி விதிக்கலாம். இரண்டாவது உரிமையை உச்ச நீதிமன்றம் 1920ஆம் ஆண்டிலேயே ஷாஃபர் எதிர் கார்ட்டர் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆகவே எடிசன்வாசி ஒருவர் மன்ஹாட்டனில் சம்பாதித்தால் இரண்டு உரிமைகளும் ஒரே சம்பளத்தின் மேல் வந்து விழுகின்றன. இது யாருடைய பிழையுமல்ல. குடியிருக்கும் மாநிலம், வேலை செய்யும் மாநிலத்துக்குக் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொடுப்பதால்தான் இது தாங்கக்கூடியதாக இருக்கிறது. இந்தக் கழிவைத்தான் எல்லோரும் கிரெடிட் என்கிறோம். இது மாநிலங்கள் மனமுவந்து தரும் சலுகை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2015இல் மேரிலாந்தின் வரித்துறைக்கும் வின் தம்பதியருக்கும் நடந்த வழக்கில், தன் குடிமக்கள் வெளி மாநிலங்களுக்குக் கட்டிய வரியைக் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) வரிப் பகுதியில் கழித்துத் தராத மேரிலாந்தின் முறை, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாகுபடுத்துகிறது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. அதன் பிறகு கிரெடிட்டுக்கு அரசியலமைப்பின் துணையும் ஓரளவு உண்டு.

கணக்குப் போடும் வரிசை முக்கியம். நியூயார்க்கின் ஐடி-203 என்ற குடியிராதோர் படிவத்தை முதலில் முடிக்க வேண்டும். அதில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டுதான் நியூ ஜெர்சியின் என்ஜே-1040 படிவத்துக்குப் போக வேண்டும். நியூயார்க் கணக்கிடும் முறை பலருக்கும் அதிர்ச்சி தருகிறது. அது உங்கள் நியூயார்க் சம்பளத்தை மட்டும் எடுத்து வரி போடுவதில்லை. கணவன் மனைவி இருவரும் மத்திய அரசுக்குக் கூட்டாகப் படிவம் தாக்கல் செய்து, இருவருமே நியூயார்க்கில் குடியிராதவர்களாக இருந்தால், அங்கேயும் கூட்டாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். இருவரின் மொத்த வருமானத்தையும் நியூயார்க்வாசிகளுடையது போல் பாவித்து வரியைக் கணக்கிட்டு, அதில் நியூயார்க் வருமானம் எத்தனை பங்கோ அத்தனை பங்கை மட்டும் கேட்கும். ஆகவே மனைவியின் ஃபிலடெல்ஃபியா சம்பளத்துக்கு நியூயார்க் வரி விதிப்பதில்லை. ஆனால் உங்கள் சம்பளத்துக்கான விகிதத்தை உயர்த்துவதற்கு அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

எண்களில் பார்ப்போம். இவை புரிவதற்காக வட்டமாக வைத்த எண்கள். உங்கள் படிவத்தில் வேறாக இருக்கும். கணவரின் சம்பளம் 150,000 டாலர், மனைவியின் சம்பளம் 90,000, வங்கி வட்டியும் பங்கு ஈவுத்தொகையும் சேர்ந்து 10,000, ஆக மொத்தம் 250,000. இந்த மொத்தத்துக்கு நியூயார்க் கணக்குப்படி 13,500 டாலர் வரி வருகிறது என்று கொள்வோம். அதில் 150,000 டாலர் மட்டுமே நியூயார்க் வருமானம், அதாவது 60 சதவீதம். எனவே நியூயார்க்குக்குச் சேர வேண்டியது 8,100. அதே 250,000 டாலருக்கு நியூ ஜெர்சி கணக்குப்படி 12,000 டாலர் வரி வருகிறது என்று வைத்துக்கொண்டால், நியூயார்க் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி தரக்கூடிய உச்ச கிரெடிட் அதே 60 சதவீதம், அதாவது 7,200. நீங்கள் கட்டியது 8,100 என்றாலும் கிடைப்பது 7,200தான். மிஞ்சும் 900 டாலரை எந்த மாநிலமும் திருப்பித் தராது. இரண்டு மாநிலங்களில் எது அதிகமோ அந்த அளவுக்கு என்று மேலே சொன்னதன் பொருள் இந்த 900 டாலர்தான். நியூயார்க்கின் விகிதங்கள் சுமார் 4 சதவீதத்தில் தொடங்குகின்றன, நியூ ஜெர்சியினுடையவை 1.4இல் தொடங்குகின்றன, நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கு நியூயார்க் வரியே அதிகமாக வருவதால் இந்த இழப்பு வழக்கமானது.

நியூ ஜெர்சியின் 12,000 டாலரில் 7,200 போக 4,800 நிற்கிறது. இது மனைவியின் சம்பளத்துக்கும் வட்டி வருமானத்துக்கும் உரிய வரி. வங்கி வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் நியூயார்க் உங்களிடம் வரி கேட்காது, ஆகவே அவற்றுக்குக் கிரெடிட்டும் இல்லை. “நியூயார்க்குக்கு அவ்வளவு கட்டிவிட்டேனே, நியூ ஜெர்சிக்கு ஏன் இன்னும் பாக்கி வருகிறது?” என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு விடை இந்த வட்டி வருமானத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு, டபிள்யூ-2 படிவத்தின் 17ஆவது பெட்டியில் உள்ள நியூயார்க் பிடித்தத் தொகையை அப்படியே கிரெடிட் கணக்கில் எழுதிவிடுவது. அது நிறுவனம் உத்தேசமாகப் பிடித்துவைத்த தொகை. கிரெடிட்டுக்குக் கணக்கில் வருவது, ஐடி-203 படிவம் முடிந்தபின் உண்மையாகத் தீர்மானமான வரி. பிடித்தது 9,500 ஆக இருந்து, வரி 8,100 ஆக முடிந்து, 1,400 டாலர் உங்களுக்குத் திரும்பி வந்திருந்தால், நியூ ஜெர்சியிடம் காட்ட வேண்டியது 8,100தான். நியூ ஜெர்சி வரித்துறை நியூயார்க் படிவத்தின் நகலைக் கேட்டு எழுதுவது சாதாரணம். அப்போது இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

டபிள்யூ-2வில் ஒரே சம்பளம் இரண்டு மாநிலங்களிலும் தெரிவதற்கும் அஞ்ச வேண்டாம். நியூயார்க் தன் பகுதியில் மத்திய அரசுக்குக் காட்டும் முழுச் சம்பளத்தையே எழுதும்படி நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. நீங்கள் நியூ ஜெர்சிவாசி என்பதால் நிறுவனம் அதையே நியூ ஜெர்சி பகுதியிலும் எழுதுகிறது. இரண்டையும் கூட்டி வருமானமாக்கிவிடக் கூடாது. இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டாலும் அது பிழையாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் வரிக்கு முன்பாகப் பிடிக்கப்படும் தொகையை மத்திய அரசு கழித்துக்கொள்ள விடுகிறது, நியூ ஜெர்சி விடுவதில்லை. அதனால் நியூ ஜெர்சி எண் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

நியூயார்க் நகர வருமான வரியைப் பற்றி அவர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அது அந்நகரில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களிடம் வாங்கிய நகர வரி 1999இல் ஒழிந்தது. நியூயார்க் நகரின் ஒரு பகுதியான குவீன்ஸிலிருந்து எடிசனுக்கு வீடு மாறியவர்கள் புதிய முகவரியைச் சம்பளப் பிரிவுக்குத் தெரிவிக்க மறந்தால் நகர வரி தொடர்ந்து பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்; நியூயார்க் படிவத்தின் வழியாகத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

இனி வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள். ஐந்தில் இரண்டு நாட்கள் எடிசனில் உட்கார்ந்து வேலை செய்தால் ஐந்தில் இரண்டு பங்குச் சம்பளம் நியூ ஜெர்சியில் ஈட்டியதுதானே என்பது இயல்பான எண்ணம். பெரும்பாலான மாநிலங்கள் அப்படித்தான் கொள்கின்றன. நியூயார்க் அப்படிக் கொள்வதில்லை. ஒருவர் நியூயார்க்கிலுள்ள அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருந்து, வெளியே வேலை செய்வது அவருடைய சொந்த வசதிக்காக என்றால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை செய்த நாளே. வெளியே செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்தின் தேவையிலிருந்து எழுந்தால் மட்டுமே அது வெளிநாளாகும், அதாவது நியூயார்க்குக்கு வெளியே வேலை செய்த நாளாகும். நிறுவனம் அனுமதி தந்திருக்கிறது, மேலாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது அலுவலகத்தின் கொள்கையே என்பவையெல்லாம் அனுமதிக்குச் சான்றாகுமே தவிர தேவைக்குச் சான்றாகா.

இந்த விதியை எதிர்த்தவர்கள் உண்டு. எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் கனெக்டிகட் மாநிலத்தில் வசித்தபடி மன்ஹாட்டனிலுள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார்; வகுப்புள்ள நாட்களில் மட்டும் நியூயார்க்குக்கு வந்து, மற்ற நாட்களில் வீட்டிலிருந்து ஆய்வும் எழுத்துமாக இருந்தார். ஏறக்குறைய நம் கேள்வியாளரின் நிலைமையேதான். 2003இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு உச்ச மன்றம் முழுச் சம்பளமும் நியூயார்க்குக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. வீட்டில் இருந்த நாட்களுக்குக் கனெக்டிகட்டும் அப்போது கிரெடிட் தர மறுத்ததால் அவர் மெய்யாகவே ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கட்டினார். தாமஸ் ஹக்கபி என்ற கணினி நிரலாளர் டென்னசியிலிருந்து நியூயார்க் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்தார். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நேரத்தை டென்னசியில்தான் கழித்தார். 2005இல் 4க்கு 3 என்ற கணக்கில் அவரும் தோற்றார். இரண்டு வழக்குகளையும் விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோவிட் காலத்தில் அலுவலகங்களே மூடிக் கிடந்தபோதும் வரித்துறை தன் நிலையிலிருந்து அசையவில்லை. நிறுவனம் உங்கள் வீட்டை முறையான அலுவலகமாக ஆக்கியிருந்தாலன்றி அந்த நாட்களும் நியூயார்க் நாட்களே என்று அறிவித்தது. இந்த விதி நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தை நம்பி யாரும் படிவம் நிரப்பக் கூடாது.

வீடு நிறுவனத்தின் முறையான அலுவலகம் என்று நிறுவுவதற்கான அளவுகோல்களை வரித்துறை 2006இல் ஒரு குறிப்பாணையில் வெளியிட்டது. முதன்மையான அளவுகோல், அந்த வேலைக்கு அவசியமான சிறப்பு வசதி வீட்டிலோ வீட்டுக்கு அருகிலோ இருப்பது. மன்ஹாட்டனில் அமைக்க இயலாத சோதனைத் தளம் ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறது என்றால் பொருந்தலாம். மடிக்கணினியும் இரண்டு திரைகளும் அதில் சேரா. அது இல்லையென்றால், இரண்டாம் நிலை அளவுகோல்களில் குறைந்தது நான்கும், அதற்குக் கீழுள்ள பட்டியலில் குறைந்தது மூன்றும் நிறைவேற வேண்டும். வீட்டில் அலுவலகம் வைத்திருப்பது வேலைக்கான எழுத்து மூல நிபந்தனையாக இருப்பது, நிறுவனம் தன் அலுவலகத்தில் உங்களுக்கு இடம் ஒதுக்காமல் இருப்பது, வாடிக்கையாளர்களை நீங்கள் வீட்டு அலுவலகத்தில் முறையாகச் சந்திப்பது, வீட்டு அலுவலகச் செலவின் பெரும்பகுதியை நிறுவனம் ஏற்பது போன்றவை இரண்டாம் நிலையில் வருகின்றன. வாரத்தில் மூன்று நாள் மன்ஹாட்டன் மேசையில் உட்காருபவருக்கு இவை பொருந்துவது மிக அரிது. ஐந்தில் மூன்று பங்கு மட்டும் நியூயார்க் வருமானம் என்று எழுதினால் முதலில் பணம் திரும்பி வந்தாலும் வரும். பின்னர் விசாரணைக் கடிதம் வரும்போது வட்டியோடும் அபராதத்தோடும் கட்ட நேரும்.

உங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. நியூயார்க் அந்த இரண்டு நாட்களுக்கும் வரி வாங்கினாலும் நியூ ஜெர்சி அவற்றுக்கும் சேர்த்தே கிரெடிட் தருகிறது. ஆகவே செலின்ஸ்கிக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. இதில் பெரிதும் இழப்பது நியூ ஜெர்சியின் கருவூலம். அந்தக் கோபத்தில்தான் 2023 ஜூலையில் நியூ ஜெர்சி பதிலடிச் சட்டம் ஒன்றை இயற்றியது. இத்தகைய விதியுள்ள மாநிலங்களில் வசித்துக்கொண்டு நியூ ஜெர்சி நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கு, அதே விதியைப் பயன்படுத்தி 2023 ஜனவரி முதல் தானும் வரி கேட்கிறது. நியூயார்க் போன்ற மாநிலத்தை எதிர்த்து வழக்காடி வெல்லும் தன் குடிமக்களுக்குக் கூடுதல் கிரெடிட் தருவதாகவும் அச்சட்டம் சொல்கிறது. நீங்கள் எடிசனில் இருந்து மன்ஹாட்டனுக்குச் செல்பவர் என்பதால் அதன் முதல் பகுதி உங்களைத் தொடாது.

நீக்கக்கூடிய நாட்களும் உண்டு. வாடிக்கையாளர் அலுவலகத்தில் வேலை செய்ய நிறுவனம் உங்களைச் சிகாகோவுக்கு அனுப்பினால் அது நிறுவனத்தின் தேவை. அந்த நாட்கள் நியூயார்க் கணக்கில் வாரா. ஐடி-203-பி என்ற இணைப்பில் வார இறுதி, விடுமுறை, மருத்துவ விடுப்பு ஆகியவற்றை நீக்கி, மீதமுள்ள வேலை நாட்களில் வெளிநாட்களைக் காட்ட வேண்டும். இதற்கு விமானச் சீட்டு, விடுதி ரசீது, நிறுவனத்தின் பயணப் பதிவு ஆகியவை வேண்டும். ஆண்டு முடிந்தபின் நினைவிலிருந்து எழுதிய பட்டியலை விசாரணை அதிகாரி ஏற்கமாட்டார். போன மாநிலம் அந்த நாட்களுக்குத் தன் பங்கைக் கேட்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தெளிவில்லாத இடமும் ஒன்று உண்டு. ஓர் ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட நியூயார்க்கில் காலடி வைக்காமல் வேலை செய்பவரின் நிலை என்ன? முற்றிலும் வெளியே செய்த வேலைக்கான சம்பளம் நியூயார்க் வருமானமல்ல என்று விதிமுறைகளிலேயே ஆதரவு இருக்கிறது. வசதி பற்றிய விதி, வேலையின் ஒரு பகுதி நியூயார்க்கிலும் ஒரு பகுதி வெளியிலும் நடப்பவர்களுக்கானது என்று வாதிடலாம். ஆனால் ஆள் நியூயார்க் அலுவலகத்தைச் சேர்ந்தவராகவே பதிவில் இருக்கும்போது வரித்துறை இந்த வாதத்தை எளிதில் ஏற்பதில்லை. இடையில் இரண்டு நாள் கூட்டத்துக்கு வந்துபோனால் வாதமே வலுவிழக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

மனைவியின் கணக்கு வேறு மாதிரியானது. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் 1970களின் இறுதியிலிருந்து பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது: சம்பள வருமானத்துக்கு அவரவர் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வரி வாங்கும். 2016 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அதை முறித்துக்கொள்ளப்போவதாக அறிவித்து, நவம்பரில் முடிவை மாற்றிக்கொண்டார், ஒப்பந்தம் தப்பியது. ஆகவே மனைவி தன் நிறுவனத்திடம் ஆர்இவி-419 என்ற படிவத்தைக் கொடுத்தால் பென்சில்வேனியாவின் 3.07 சதவீத வரியைப் பிடிக்கமாட்டார்கள். ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தால் பிஏ-40 படிவம் தாக்கல் செய்து அங்கிருந்தே திரும்பப் பெற வேண்டும். பென்சில்வேனியாவுக்குக் கட்டியதை நியூ ஜெர்சியில் கிரெடிட்டாகக் கேட்டால் நிராகரிப்பார்கள், ஏனென்றால் அது கட்டியிருக்கவே வேண்டாத வரி.

ஃபிலடெல்ஃபியா நகரத்தின் சம்பள வரி மட்டும் இந்த ஒப்பந்தத்துக்குள் வராது. வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்களிடம் நகரம் சுமார் 3.4 சதவீதம் பிடிக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 90,000 டாலருக்கு அது 3,060 டாலர். இதற்கு நியூ ஜெர்சி கிரெடிட் தருகிறது. உச்சவரம்பு 12,000 டாலரில் 36 சதவீதம், அதாவது 4,320 என்பதால் 3,060 முழுவதும் கழிந்துவிடும். மேலே நின்ற 4,800 இப்போது 1,740 ஆகிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று நிறுவனமே கட்டளையிட்ட நாட்களுக்கு நகர வரியைத் திரும்பக் கேட்கலாம். தன் விருப்பத்தில் வீட்டில் இருந்த நாட்களுக்குக் கேட்க முடியாது. நியூயார்க்கின் தர்க்கத்துக்கு இது நெருங்கிய உறவு என்பது தெரியும்.

இந்த 1,740 டாலர் நியூ ஜெர்சிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும். நியூயார்க் பிடித்தம் அதிகமாக இருப்பதால் உங்கள் நிறுவனம் நியூ ஜெர்சிக்கென்று எதையும் பிடிக்காமல் இருக்கலாம். ஆண்டு முடிவில் பாக்கி 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் நியூ ஜெர்சி காலாண்டுத் தவணைகளை எதிர்பார்க்கிறது. தவறினால் சிறு வட்டி சேரும். மனைவியின் நிறுவனம் நியூ ஜெர்சி வரியைப் பிடிக்க ஒப்புக்கொண்டால் அதுவே எளிய வழி. மத்திய அரசின் படிவத்தில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவராக இருந்தால், நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் உண்மையில் கட்டிய தொகைகளும் எடிசன் வீட்டின் சொத்து வரியும் சேர்ந்தே கழிவாகும். 2018இலிருந்து 10,000 டாலராக இருந்த அதன் உச்சவரம்பு 2025ஆம் ஆண்டுக்கு 40,000 ஆக உயர்த்தப்பட்டது. மிக அதிக வருமானம் உள்ளவர்களுக்கு அது குறைந்துகொண்டே வரும்.

டெக்சாஸ் யோசனைக்கு வருகிறேன். ஹக்கபியின் கதையை மறுபடி பாருங்கள்: டென்னசியும் சம்பளத்துக்கு வரி விதிக்காத மாநிலம். நீங்கள் டல்லாஸுக்குக் குடிபோய், மன்ஹாட்டன் அலுவலகத்தின் ஊழியராகவே நீடித்து, அவ்வப்போது அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தால், நியூயார்க் முழுச் சம்பளத்துக்கும் வரி கேட்கும். கிரெடிட் தர டெக்சாஸில் வரியே இல்லை. நியூயார்க்கின் பில் முன்பு எவ்வளவோ அவ்வளவாகவே நிற்கும். மிச்சமாவது நியூ ஜெர்சிக்குக் கட்டிவந்த சிறு பகுதிதான். நிறுவனம் உங்களை டெக்சாஸிலுள்ள தன் அலுவலகத்துக்கு முறைப்படி மாற்றி, மேலாளரும் பணிப் பொறுப்பும் அங்கே அமைந்தால் நிலைமை மாறும். அதன்பின் நியூயார்க்கில் நேரில் வேலை செய்த நாட்களுக்கு மட்டுமே அங்கே வரி. நிறுவனம் வழங்கிய பங்குகள் இருந்தால் ஒரு வால் மிஞ்சும். நியூயார்க்கில் வேலை செய்தபோது ஒதுக்கப்பட்டு, டெக்சாஸ் சென்றபின் கைக்கு வரும் ஆர்எஸ்யூ பங்குகளில், ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரையிலான வேலை நாட்களில் நியூயார்க் நாட்களின் விகிதத்துக்கு நியூயார்க் வரி கேட்கும். ஓய்வூதியத்துக்கு இந்த வால் இல்லை; பழைய மாநிலம் வெளியேறியவரின் ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கக் கூடாது என்று 1996இல் இயற்றிய மத்திய சட்டம் தடுத்துவிட்டது.

குடிபெயர்வது என்பதும் முகவரி மாற்றுவது மட்டுமல்ல. மனைவி எடிசன் வீட்டிலேயே இருக்க, கணவர் மட்டும் டல்லாஸில் அறை எடுத்துத் தங்கினால், நியூ ஜெர்சியைப் பொறுத்தவரை அவர் இன்னும் நியூ ஜெர்சிவாசியே. நியூ ஜெர்சியை நிலையான வசிப்பிடமாகக் கொண்டவர் அங்கே குடியிராதவராகக் கருதப்பட மூன்று நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும்: அங்கே நிலையான வீடு இருக்கக் கூடாது, வேறிடத்தில் நிலையான வீடு இருக்க வேண்டும், ஆண்டில் 30 நாட்களுக்கு மேல் நியூ ஜெர்சியில் தங்கக் கூடாது.

இதன் மறுபக்கமாக ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரயில் பயணத்தின் களைப்பால் சிலர் குவீன்ஸிலோ மன்ஹாட்டனிலோ வார நாட்களில் தங்க ஒரு சிறிய அபார்ட்மென்ட் எடுக்கிறார்கள். நியூயார்க்கில் நிலையான தங்குமிடம் வைத்திருந்து, ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அங்கே இருந்தால், வீடும் குடும்பமும் எடிசனில் இருந்தாலும் நீங்கள் நியூயார்க்வாசியாகவும் ஆகிவிடுவீர்கள். அலுவலகம் சென்றுவரும் நாட்களும் அந்த 183இல் சேரும். நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளே. அப்போது நகர வரியும் வரும். வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் இரண்டு மாநிலங்களும் குடியிருப்பவர் என்ற முறையில் வரி கேட்கும், அதற்குப் பெரும்பாலும் கிரெடிட் கிடைக்காது. மெய்யான இரட்டை வரி என்று நான் சொல்வது இதைத்தான். நெல்சன் ஓபஸ் என்ற நியூ ஜெர்சிவாசி நியூயார்க் நகரில் வேலை பார்த்துக்கொண்டு, மாநிலத்தின் வடபகுதியில் ஒரு விடுமுறை வீடும் வைத்திருந்தார். அந்த வீட்டை வைத்து வரித்துறை அவரை நியூயார்க்வாசியாக்கியது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே பயன்பட்ட அந்த வீடு உண்மையான குடியிருப்பாகாது என்று 2022இல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வார நாட்களில் முறையாகத் தங்கும் அபார்ட்மென்டுக்கு அந்தத் தீர்ப்பு உதவும் என்று எண்ண வேண்டாம்.

வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதை அப்படியே எடுத்துப் பொருத்தக் கூடாது. வர்ஜீனியாவில் வசித்து வாஷிங்டன் டிசியில் வேலை செய்பவர் டிசிக்கு வருமான வரியே கட்ட வேண்டியதில்லை. வெளியாட்களின் வருமானத்துக்கு வரி விதிக்க மத்தியச் சட்டமே டிசியைத் தடுக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் வசித்து ஆற்றைக் கடந்து ஆரிகனின் போர்ட்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர் ஆரிகனுக்குக் கட்டியதில் எதையும் சொந்த மாநிலத்தில் திரும்பப் பெற முடியாது, ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களை நீக்கிக்கொள்ள ஆரிகன் விடுகிறது. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே இருந்த பரஸ்பர ஒப்பந்தம் 2010 வரியாண்டிலிருந்து இல்லை. பழைய வலைப்பக்கங்களில் அது இன்னும் இருப்பதாகவே எழுதியிருக்கிறது.

கேள்வி கேட்டவர் முந்தைய ஆண்டுகளின் படிவங்களையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. 17ஆவது பெட்டியின் தொகையைக் கிரெடிட்டாக எழுதியிருந்தாலோ, பென்சில்வேனியா பிடித்ததைத் திரும்பக் கேட்காமல் விட்டிருந்தாலோ, நகர வரி தவறாகப் பிடிக்கப்பட்டிருந்தாலோ திருத்திய படிவம் தாக்கல் செய்யலாம். பணம் திரும்பப் பெற மூன்று மாநிலங்களிலும் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் கெடு. வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களை ஏற்கெனவே நீக்கித் தாக்கல் செய்திருந்தால், கடிதம் வரும்வரை காத்திராமல் ஒரு வரி ஆலோசகரிடம் அந்தப் படிவத்தைக் காட்டுங்கள். நியூயார்க்கில் கூடுதலாகக் கட்ட நேர்ந்தால் அதற்கேற்ப நியூ ஜெர்சி கிரெடிட்டும் உயரும் என்பதால், இரண்டு மாநிலப் படிவங்களையும் ஒன்றாகவே திருத்த வேண்டியிருக்கும். எச்-1பி விசாவில் இருப்பவர் டெக்சாஸுக்கு மாறுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரையும் கேட்க வேண்டும். பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறும்போது நிறுவனம் விசா மனுவைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், அது என் துறையல்ல.